கரு கலைந்த பிறகு மூளையில் என்ன நடக்கிறது?

கரு கலைந்து இரண்டு வாரம் ஆன பிறகும் கர்ப்பப் பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடுகள் தெரியலாம். குச்சியில் கோளாறில்லை. குச்சி தேடுவது நஞ்சுக்கொடித் திசு சுரந்த எச்சிஜி ஹார்மோனை; அது இரத்தத்திலிருந்து முழுதாக நீங்கச் சில வாரங்கள் பிடிக்கும். நான்கு மாதம் கடந்து கலைந்தால் மார்பில் பாலும் சுரக்கலாம். புரோஜெஸ்டிரோன் சரிவதுதான் அதற்கான சைகை; குழந்தை கையில் இருக்கிறதா என்று மார்பு கேட்பதில்லை.

அதே புரோஜெஸ்டிரோனுக்கு மனத்தோடும் தொடர்பு உண்டு. உடலில் அதிலிருந்து உருவாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள், மூளையை அமைதிப்படுத்தும் செய்திகளைப் பெறும் 'காபா' ஏற்பிகளில் வேலை செய்து நரம்புகளின் பரபரப்பைத் தணிக்கிறது. தூக்க மாத்திரைகள் பலவும் இயங்குவது இதே ஏற்பிகளில்தான். கர்ப்பம் வளர வளர இதன் அளவு ஏறுகிறது. மூளையும் அதற்குப் பழகிவிடுகிறது. திடீரென வரத்து நின்றால் தூக்கம் கெடலாம், நெஞ்சு படபடக்கலாம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வில் இந்தத் தொடர்பு நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. அதற்கென்றே 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரெக்ஸனோலோன் மருந்து, இதே பொருளின் செயற்கை வடிவம். ஒரே அளவு சரிவு எல்லாரையும் ஒரே மாதிரி வாட்டுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போட முடியாது. லண்டன் மருத்துவமனைகளில் 650க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில், கருவை இழந்த ஒரு மாதத்தில் 29 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பதாம் மாதத்திலும் 18 விழுக்காட்டினரிடம் அவை நீடித்தன. ஹார்மோன்கள் அடங்கி வெகுநாளாகியிருக்கும்.

அடங்காமல் உறுத்துவது பெரும்பாலும் குற்றவுணர்வு. "அன்னாசி சாப்பிட்டாயா? எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போனாயா?" என்று உறவினர் கேட்பதற்கு முன்பே அவள் தன்னைக் கேட்டுவிடுகிறாள். தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழை. அது பெரும்பாலும் கருமுட்டையில் நேர்கிறது. ஒரு பெண்ணின் முட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கிப் பாதியில் நிற்கின்றன; மீதிப் பிரிவு பல ஆண்டுகள் கழித்துத்தான். காத்திருப்பு நீள நீளப் பிழையும் கூடுகிறது. முதல் பிரசவம் முப்பதைத் தாண்டுவது வழக்கமாகிவிட்ட சிங்கப்பூரில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கரு உருவான நாளிலேயே இருந்த பிழைக்கு அன்னாசி என்ன செய்யும்?

நம் வீடுகளில் மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்வதில்லை. கண்பட்டுவிடும் என்ற பயம். பெரும்பாலான கருச்சிதைவுகள் நேர்வதும் அந்த மூன்று மாதத்துக்குள்தான். சொல்லாத செய்திக்குத் துக்கம் கேட்க யார் வருவார்கள்? மருத்துவ விடுப்பு முடிந்ததும் அலுவலகத்தில் "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர வேண்டியிருக்கிறது. வழக்கம் எதுவானாலும், ஓர் அக்காவிடமாவது தோழியிடமாவது முன்கூட்டியே சொல்லி வைப்பது மேல் என்பேன். கணவரும் துயரப்படுவார், "நீ தைரியமாக இரு" என்று அவருக்கு மட்டும் வேறு வேலை கொடுத்துவிடுகிறோம்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால், நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப வந்தால், பலதுறை மருந்தக மருத்துவரிடமே சொல்லலாம். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் பெண்களின் மனநலத்துக்கென்றே தனிச் சேவை உண்டு. சிங்கப்பூரின் தேசிய மனநல உதவி எண் 1771 இரவிலும் இயங்குகிறது. உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றே அழைக்க வேண்டும்.