நீரை வாங்கித் திருப்பித் தரும் சுவர்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலுள்ள வுல்ஸ்தார்ப் மேனர், 1642ஆம் ஆண்டு ஐசக் நியூட்டன் பிறந்த பண்ணை வீடு. அங்கு எல்லோரும் தேடிப் போவது ஆப்பிள் மரத்தைத்தான். ஆனால் அதன் சுண்ணாம்புக்கல் சுவரும் இயற்பியல் மாணவர்கள் நின்று பார்க்க வேண்டிய ஒன்று.

ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் படிந்து இறுகியது இப்பகுதியின் கல். அதில் நுண்துளைகள் மிகுதி. இத்தகைய பழைய வீடுகளில் உள்ளும் புறமுமாக இரண்டு கல் வரிசைகளை எழுப்பி, இடையில் உடைகல்லையும் சுண்ணாம்புக் காரையையும் நிரப்பி, இரண்டும் பிரிந்துவிடாதபடி ஆங்காங்கே நீண்ட கற்களைக் குறுக்கே வைத்துக் கட்டினார்கள். சுவரின் கனம் அரை மீட்டர் அளவுக்கு இருக்கும். கடலடியில் படிந்த வாக்கிலேயே கல்லைக் கிடைமட்டமாக வைப்பது கொத்தனாரின் விதி. நிறுத்தி வைத்தால் அடுக்கடுக்காக உரிந்துவிடும்.

மழைநீரை இச்சுவர் முற்றாகத் தடுப்பதில்லை. மேற்பரப்பில் கொஞ்சம் ஊறும் ஈரம், வெயிலும் காற்றும் வந்ததும் ஆவியாகிவிடுகிறது. அது வெளியேறும் முக்கிய வழி கல்லன்று, கற்களுக்கு இடையிலுள்ள காரை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகினாலும், அது கல்லைவிட மென்மையாகவும் நுண்துளை மிகுந்ததாகவும் இருக்கிறது. எனவே உப்பும் உறைபனியும் முதலில் அரிப்பது காரையைத்தான். அதை மீண்டும் பூசிக்கொள்ளலாம், கல்லை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

சன்னல்களும் கல்லின் குணத்துக்குக் கட்டுப்பட்டவை. அழுத்தத்தைத் தாங்கும் கல் வளைக்கும் விசையைத் தாங்காது என்பதால், நீண்ட திறப்பைக் கல் கம்பங்களால் குறுகிய கண்களாகப் பிரித்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய பல வீடுகளின் இணைப்புகளில் சிமெண்ட் பூசப்பட்டது. நல்லெண்ணத்தோடு செய்த கேடு அது. சிமெண்ட் ஈரத்தை எளிதில் விடாது. ஆகவே நீர் கல்லின் வழியாகவே வெளியேற நேர்கிறது. குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும்போது கல்லின் முகம் பொரிந்து உதிர, சிமெண்ட் மட்டும் வலைப்பின்னல்போலத் துருத்தி நிற்கிறது. இன்றைய பராமரிப்பாளர்கள் சுண்ணாம்புக்கே திரும்பிவிட்டார்கள். ஆனால் இறுகப் பற்றிய சிமெண்டைச் செதுக்கினால் கல்லின் விளிம்பும் சேர்ந்து பெயரும். அதனால் சில இடங்களில் அது தானாகத் தளரும்வரை காத்திருக்கிறார்கள்.