படுக்கை இன்ஜினும் கசியும் கேஸ்கட்டும்: பழைய இம்ப்ரெஸா வேகனை வாங்குமுன்

வெர்மான்ட், மெயின் போன்ற பனி மிகுந்த அமெரிக்க மாநிலங்களில் 2002 முதல் 2007 வரையிலான சுபாரு இம்ப்ரெஸா வேகன்களுக்கு இன்றும் மதிப்பு உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜினின் விசை செல்வதால் அவை பனியில் வழுக்காமல் ஏறும். பின்கதவைத் திறந்தால் ஒரு சிறு குடும்பத்தின் சாமான்கள் அத்தனையும் அடங்கும். விலையும் சில ஆயிரம் டாலர்தான். ஆனால் 2.5 லிட்டர் இன்ஜின் கொண்ட இந்த வண்டியை விற்கப் போகிறவரிடம் விவரம் தெரிந்த எவரும் முதலில் கேட்பது, ஹெட் கேஸ்கட் மாற்றியாயிற்றா என்பதைத்தான்.

சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும் அவற்றை மூடும் ஹெட்டும் சேரும் இடத்தில் வைக்கப்படும் மெல்லிய தகடே ஹெட் கேஸ்கட். எரியும் வாயு, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், ஆயில் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் அது காக்க வேண்டும். இந்த இன்ஜினில் ஒரு சிலிண்டரின் விட்டம் 99.5 மி.மீ.; எரிதலின் உச்சத்தில் உள்ளே 50 பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 50 மடங்கு) அழுத்தம் எழுவதாகக் கொண்டாலும், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 டன் விசை ஹெட்டைப் பிளாக்கிலிருந்து பிரித்துத் தள்ளப் பார்க்கிறது. அதை எதிர்த்துப் பிடித்திருப்பவை ஒரு ஹெட்டுக்கு ஆறு போல்ட்டுகள். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் வண்டி ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இந்த உதை நிமிடத்துக்கு 1,500 முறை நிகழ்கிறது.

இதனுடன் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஹெட்டும் பிளாக்கும் வார்க்கப்பட்ட அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினால் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு நீளும். சிலிண்டரின் உட்சுவராக இருக்கும் வார்ப்பிரும்பு அதில் ஏறத்தாழ பாதிதான் நீளும். பனிக்காலக் காலையில் உறைநிலைக்குக் கீழே கிடந்த இன்ஜின் சில நிமிடங்களில் 90 டிகிரியைத் தொடும்போது, ஹெட்டும் பிளாக்கும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை என்பதால், இரண்டும் கேஸ்கட்டின் மேல் மிக நுண்ணிய அளவில் உராய்ந்து நகர்கின்றன. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட கேஸ்கட் கிராஃபைட் பூச்சுக் கொண்ட வகை. ஆண்டுக்கணக்கில் நடக்கும் இந்த உராய்வில் அந்தப் பூச்சு தேய்ந்து போகிறது.

கசிவு எங்கே தொடங்குகிறது என்பதை இன்ஜினின் அமைப்பே தீர்மானிக்கிறது. நிமிர்ந்து நிற்கும் சாதாரண இன்ஜினில் கேஸ்கட் மேலே கிடைமட்டமாக இருக்கும். இன்ஜினை அணைத்ததும் ஆயில் கீழே வடிந்துவிடும். சுபாருவின் சிலிண்டர்களோ இடமும் வலமுமாகப் படுத்திருக்கின்றன. அதனால் கேஸ்கட் செங்குத்தாக நிற்கிறது. அதன் கீழ்விளிம்பில் ஆயிலும் கூலன்ட்டும் வண்டி நின்ற பிறகும் தேங்கியே கிடக்கின்றன. டார்ச் விளக்குடன் வண்டிக்கு அடியில் குனிந்து, ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டின் கீழ்மூலையைப் பார்த்தால், அழுக்கோடு சேர்ந்து கறுத்த ஆயில் கசிவோ, கூலன்ட் காய்ந்து படிந்த வெளிறிய உப்புத் தடமோ கண்ணில் படும். கூலன்ட் சொட்டுச் சொட்டாகச் சூடான புகைக்குழாயில் விழுந்தால் இனிப்பு கலந்த ஒரு வாடை எழும். இது வெளிக்கசிவு. ஆயில், கூலன்ட் அளவைத் தவறாமல் பார்த்து வந்தால் மாதக்கணக்கில் ஓட்டலாம், பதறத் தேவையில்லை.

இதற்கு முந்தைய, 1990-களின் 2.5 லிட்டர் இன்ஜினில் நேர்ந்தது வேறு. அங்கே சிலிண்டரில் எரியும் வாயு கூலன்ட்டுக்குள் புகுந்தது. கூலன்ட் தொட்டியில் குமிழிகள் கொப்பளித்தன. நெடுஞ்சாலையில் திடீரென்று இன்ஜின் கொதித்தது. இம்ப்ரெஸா வேகனிலும் குமிழி தெரிந்தால் விலை பேசாமல் விலகிவிடுவதே நல்லது. அதிகமாகச் சூடான அலுமினிய ஹெட் வளைந்துவிடும், 0.05 மி.மீ. கோணல்கூடக் கேஸ்கட்டுக்குத் தாங்காது.

சுபாரு நிறுவனம் 2004-இல், 1999 முதல் 2002 வரையிலான சில மாடல்களின் கூலன்ட்டில் கசிவடைக்கும் திரவம் ஒன்றைச் சேர்க்கச் செய்து, அவ்வாறு செய்துகொண்டவர்களுக்கு ஹெட் கேஸ்கட் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என நீட்டித்தது. அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால், இன்று செலவு முழுவதும் வண்டி வைத்திருப்பவருடையதே.

அந்தச் செலவில் கேஸ்கட்டின் பங்கு மிகச் சிறியது. இருபுறமும் வண்டியின் உடற்சட்டத்தை ஒட்டியே ஹெட் இருப்பதால் கைவைக்க இடமில்லை. பெரும்பாலான மெக்கானிக்குகள் இன்ஜினையே இறக்கிவிடுகிறார்கள். இறக்கி, பிரித்து, இரண்டு ஹெட்டையும் ஃபேஸிங்குக்கு (பரப்பைச் சீவிச் சமப்படுத்துவதற்கு) அனுப்பி, திரும்பப் பூட்டுவதற்குத் தனி ஒர்க் ஷாப்பில் 1,500 முதல் 2,500 டாலர் வரை ஆகும். அதில் பெரும்பகுதி கூலி. ஆகவே இந்த வேலையைக் குறைந்த செலவில் முடிக்க நினைத்து ஃபேஸிங்கைத் தவிர்ப்பது வீண். பல அடுக்கு எஃகுத் தகட்டால் ஆன கேஸ்கட்டைப் போட்டால் அடுக்குகளே உராய்வைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அது படிய வேண்டிய பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தாக வேண்டும்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே, வால்வுகள் பிஸ்டனோடு ஒத்திசைந்து திறந்து மூடச் செய்யும் டைமிங் பெல்ட்டையும், அது சுழற்றும் வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிட வேண்டும். பெல்ட்டுக்குக் குறிக்கப்பட்ட ஆயுள் 1,05,000 மைல். அது அறுந்தால் திறந்து நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன் மோதி வளைத்துவிடும்; அதற்கான செலவு வண்டியின் விலையையே எட்டக்கூடும். பின்சக்கர பேரிங் இரைவது இந்த மாடல்களில் வழக்கமான, ஆனால் சிறிய கோளாறு; ஒரு பக்கத்துக்குச் சில நூறு டாலரில் முடியும்.

பலர் கவனிக்காத பழுது டயரிலிருந்து வருகிறது. மேனுவல் கியர் வண்டியில் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பகிர்ந்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் டிஃபரன்ஷியலில், கெட்டியான சிலிகான் திரவத்தில் மூழ்கிய தகடுகள் உள்ளன. இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால் அந்தத் திரவம் சூடாகி, தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும். நான்கு டயர்களின் சுற்றளவும் ஒன்றுக்கொன்று 6 மி.மீ.க்கு மேல் வேறுபடக் கூடாது என்பது விதி. டயரின் தேய்மானத்தில் அது வெறும் 1 மி.மீ. வித்தியாசம். பஞ்சரான ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றியவரின் வண்டியில் அந்தத் தகடுகளுக்கு நேரான சாலையிலும் ஓய்வு கிடைப்பதில்லை. திரவம் கெட்டு, தகடுகள் இறுகிவிட்டால் ஆயிரம் டாலர் எளிதில் போய்விடும். காலியான வாகன நிறுத்தத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடித்தால், வண்டி தடைபட்டுத் துள்ளித் துள்ளி நகர்வதிலிருந்து இதைக் கண்டுகொள்ளலாம். இன்ஜின் நன்கு சூடான பிறகு இதைச் செய்து பார்த்து, நான்கு டயர்களின் தேய்மானத்தையும் அளந்து குறித்துக்கொண்ட பிறகே விலை பேசத் தொடங்க வேண்டும்.