படுவான்கரை வயலில் நாகத்தின் நனோத் துணிக்கைகள்

மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் படுவான்கரை வயல்களில், பெரும்போக விதைப்பு முடிந்து மூன்று வாரமான பின் வரம்பில் நின்று பார்த்தால், செழித்த பச்சைக்கு நடுவே சில வேளைகளில் பயிர் திட்டுத் திட்டாகக் குன்றி நிற்கும். குனிந்து இலையைப் பிடித்துப் பார்த்தால் இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளிறியும், மேலே துருப்பொடி தூவியது போன்ற கபிலப் புள்ளிகளோடும் இருக்கும். யூரியா போட்டும் நிறம் திரும்பாத இத்தகைய திட்டுகளில் பயிருக்குப் பெரும்பாலும் குறைவது நாகம், அதாவது துத்தநாகம் (zinc) என்னும் உலோகச் சத்து.

உலர்ந்த இலையின் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் நாகம் இருந்தாலே நெல்லுக்குப் போதும். அதுவும் கிடைக்காதபோது பல நொதியங்கள் செயலிழக்கின்றன. வேரையும் தண்டையும் நீளச் செய்யும் ஓட்சின் என்ற வளர்ச்சி ஓமோனும் குறைகிறது. மண்ணில் நாகம் அறவே இல்லாததால்தான் இது நேர்கிறது என்பதில்லை. நீர் தேங்கிய சேற்றில் ஒட்சிசன் தீர்ந்ததும் சல்பேற்று சல்பைட்டாக மாறி, நாகத்தைக் கரையாத உப்பாகப் பிடித்துக்கொள்கிறது.

2021இல் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் இலங்கைக்கு வந்தபோது ‘நனோ’ என்ற சொல் விவசாயிகளின் பேச்சிலும் புகுந்தது. அது இலையில் தெளிப்பது. நாக ஒட்சைட்டின் நனோத் துணிக்கைகளை மண்ணில் இடும்போது நடப்பது வேறு. ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. 20 நனோமீற்றர் விட்டமுள்ள துணிக்கைகளாக ஒரு கிராம் நாக ஒட்சைட்டை எடுத்தால், அவற்றின் மொத்தப் பரப்பு 50 சதுர மீற்றருக்கு மேல், அதாவது இரண்டு பேர்ச் நிலத்தளவு வரும். இவ்வளவு பரப்பும் மண்ணீரைத் தொடுவதால் துணிக்கை விரைந்து கரைந்து நாக அயன்களை, அதாவது மின்னேற்றமுள்ள நாக அணுக்களை, வெளிவிடுகிறது. அமில மண்ணில் இது மிக வேகமாகவும், கார மண்ணில் மெதுவாகவும் நடக்கும்.

துணிக்கையே முழுதாக வேருக்குள் நுழைந்து பயிரை வளர்க்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். மண்ணில் வளர்ந்த கௌபிச் செடிகளை ஆராய்ந்தவர்கள், நனோத் துணிக்கை இட்ட செடிக்கும் கரையும் நாக உப்பு இட்ட செடிக்கும் வளர்ச்சியிலோ உள்ளே சேர்ந்த நாகத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. வேர் உறிஞ்சுவது பெரிதும் அயனைத்தான். ஆகவே நனோ என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன், நம் மண்ணில் அது கரைந்த பின் என்ன ஆகும் என்று கேட்பதே முறை என்பது என் கருத்து. வயலில் நீர் கட்டியிருக்கும்வரை, நனோவிலிருந்து வந்த அயனையும் அதே சல்பைட்டு பிடித்துக்கொள்ளும். சில நாள் நீரை வடித்துச் சேற்றில் காற்றுப்பட விட்டால், அடைபட்ட நாகத்தில் ஒரு பகுதி மீண்டும் வேருக்கு எட்டும்.

அளவு மிஞ்சினால் நன்மை தீமையாகிவிடும். 2012இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், பத்து இலட்சத்துக்கு 1000 பங்கு நனோ நாக ஒட்சைட்டுக் கலவையில் நேர்த்தி செய்த கச்சான் விதைகள் நன்கு முளைத்து வளர்ந்தன. 2000 பங்கில் வளர்ச்சி குன்றியது. புல்லினம் ஒன்றில், மிகுந்த செறிவில் வேர்நுனிகள் சுருங்கி வேரின் வெளிக்கலங்கள் சிதைந்ததையும் நுணுக்குக்காட்டியில் கண்டிருக்கிறார்கள்.

மேலும், யூரியாவின் நைதரசனைப் போல நாகம் காற்றில் கலந்து போய்விடாது. பெரும்போகத்தில் இட்டதில் பயிர் எடுத்தது போக மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுபோகத்திலும் அதே சேற்றில்தான் கிடக்கும். எனவே அடுத்த முறை இடவேண்டிய அளவை மண்பரிசோதனையின் பின்னரே கணக்கிட முடியும்.