இங்கிலாந்தில் ஜிபியே நடத்தும் சிறப்பு கிளினிக்: தெரிந்துகொள்ள வேண்டியவை

தோல் தடிப்புக்காக ஜிபியிடம், அதாவது உங்கள் குடும்ப மருத்துவரிடம், போகிறீர்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல், பக்கத்து ஹெல்த் சென்டரில் நடக்கும் தோல் கிளினிக்குக்கு எழுதிக் கொடுக்கிறார். அங்கே பார்ப்பவரும் இன்னொரு ஜிபிதான். பெரிய டாக்டரிடம் போகவிடாமல் தட்டிக்கழிக்கிறார்களோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் இது என்எச்எஸ் என்ற அரசு மருத்துவ சேவை முறைப்படி நடத்தும் ஏற்பாடு.

மற்ற ஜிபிக்கள் அனுப்பும் நோயாளிகளைப் பார்க்க, 2004க்குள் 1,000 பேர் வரை இப்படிச் சிறப்பு ஜிபிக்கள் வேண்டும் என்று 2000இல் வந்த என்எச்எஸ் திட்டமே சொன்னது. தோல், கண், எலும்பு, காது மூக்கு தொண்டை ஆகியவை அதில் இருந்தன. இந்த மருத்துவர் வழக்கமான ஜிபி வேலையை விடுவதில்லை. அதோடு ஒரு துறையில் கூடுதல் பயிற்சி பெற்று, வாரத்தில் சில வேளைகள் அந்த கிளினிக்கை நடத்துகிறார். ஆண்டுதோறும் நடக்கும் மதிப்பீட்டில் இந்த வேலையும் சேரும்.

எக்ஸிமா, சொரியாசிஸ், முகப்பரு போன்றவற்றுக்கு இது நல்ல வழி என்பேன். பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கம். பார்ப்பவருக்கு உங்கள் மற்ற நோய்களைப் பற்றியும் பொதுவான அறிவு உண்டு. ஆனால் எல்லை முக்கியம். மச்சம் நிறமோ வடிவமோ மாறி, மெலனோமா என்ற தோல் புற்றுநோயோ என்ற சந்தேகம் வந்தால் இந்த கிளினிக்கில் காத்திருக்கக் கூடாது. ஜிபி நேராக ஆஸ்பத்திரிக்கு அவசரமாக அனுப்ப வேண்டும். புற்றுநோயா இல்லையா என்பதை 28 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள இலக்கு.

அப்புறம், ஜிபி அனுப்பியதிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற விதி. அது கன்சல்டன்ட், அதாவது மூத்த சிறப்பு மருத்துவர், தலைமையிலான சிகிச்சைக்கு உரியது. ஜிபி கிளினிக்குக்கு அனுப்பும்போது அந்தக் கணக்கு ஓடத் தொடங்குமா என்பது கிளினிக் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் அனுப்பும்போதே கேட்டுவிடுங்கள்: "இது கன்சல்டன்ட் தலைமையில் நடப்பதா? என் 18 வாரம் இன்றிலிருந்து ஓடுமா?" கன்சல்டன்டைப் பார்ப்பதுதான் சரி என்று ஜிபியும் ஒத்துக்கொண்டால், அவசரமல்லாத முதல் சந்திப்புக்கு எந்த ஆஸ்பத்திரி என்று தேர்ந்தெடுக்கும் சட்ட உரிமை பெரும்பாலும் உங்களுக்கு உண்டு. இதைப் பலர் கேட்பதே இல்லை, தயங்காமல் கேளுங்கள்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டணம் கிடையாது. அம்மாவின் நோயை விளக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையை லீவு போட வைக்க வேண்டாம்.