லவங்கப்பட்டையில் லவங்கம் இல்லை

முதன்முதலாகப் பிரியாணி செய்தபோது குறிப்பில் "லவங்கம் 4" என்று இருந்ததைப் பார்த்து, லவங்கப்பட்டைதானே என்று விரல் நீளத்தில் நான்கு துண்டு பட்டையைப் போட்டுவிட்டேன். சோறு கஷாயம் மாதிரி ஆகிவிட்டது. தப்பு என்னுடையதுதான், ஆனால் பாதிப் பழி அந்தச் சொல்லுக்கும் சேர வேண்டும்.

லவங்கம் வடசொல், அதற்குப் பொருள் கிராம்பு. இந்தியில் லவுங், தெலுங்கில் லவங்கம், கன்னடத்தில் லவங்க, எல்லாமே கிராம்புதான். தாம்பூலத்தோடு சேரும் பஞ்சவாசத்தில் வருகிற இலவங்கமும் அதுவே. மடித்த வெற்றிலை பிரியாமல் இருக்க ஆணி மாதிரிக் குத்திவைப்பார்களே, அது. அப்படிப் பார்த்தால் லவங்கப்பட்டை என்பது கிராம்பு மரத்தின் பட்டையாக இருக்க வேண்டும். இல்லவே இல்லை. கிராம்பு, இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளைச் சொந்த ஊராகக் கொண்ட ஒரு மரத்தின் பூமொட்டு, மலர்வதற்கு முன்பே பறித்துக் காயவைப்பது, நம் ஊர் நாவல் மரத்துக்கு நெருங்கிய சொந்தம். பட்டை தரும் மரமோ கற்பூர மரத்தின் உறவு.

சரி, பட்டைக்கு நல்ல தமிழ்ப் பெயர் என்ன? கருவா, கருவாப்பட்டை. மலையாளத்தில் கறுவப்பட்ட. இலங்கைத் தமிழர் இன்றும் கறுவா என்றுதான் சொல்கிறார்கள். கொழும்பு 7இல் பங்களாக்களும் தூதரகங்களுமாக இருக்கிற பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்றே பெயர், டச்சுக்காரர் காலத்தில் நிஜமாகவே கறுவா பயிரிட்ட இடம். இலங்கையில் கறுவாக் கிளையை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பித்தளைக் கோலால் நன்றாகத் தேய்த்து, உள்பட்டையை மட்டும் மெல்லிசாக உரிப்பார்கள். காயும்போது அது தானே சுருளும், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் சுருட்டு மாதிரி இருக்கும், கையால் நொறுக்கலாம்.

நம் மளிகைக் கடையில் பட்டை என்று பெரும்பாலும் கிடைப்பது இதுவல்ல. தடிமனாக, மரச்சில்லு போல, உடைக்கச் சிரமப்படுத்துகிற அது காசியா என்ற இன்னொரு மரத்தின் பட்டை, சீனாவிலும் வியட்நாமிலும் விளைவது. காரமும் மணமும் தூக்கலாக இருப்பதால் குருமாவுக்கும் பிரியாணிக்கும் அதுவே எனக்குப் பிடிக்கும். ஆனால் தினமும் பட்டைத்தண்ணீர் குடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: காசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. கறுவாவில் அது மிகமிகக் குறைவு.

ஒரு வேடிக்கை. கிராம்புக்கு அந்த வாசனையையும், பல்வலியை மரக்கச் செய்யும் குணத்தையும் தருவது யூஜினால் என்ற பொருள். கறுவா மரத்தின் இலையை வடித்தெடுக்கும் எண்ணெயிலும் பெரும்பகுதி அதேதான். ஆக அந்த மரத்தில் லவங்க வாசம் வருவது இலையில், நாம் பெயர் வைத்தது பட்டைக்கு.

தமிழ்நாட்டுக் கடையில் கருவா என்று கேட்டால் கருவாடா என்று திருப்பிக் கேட்பார்கள், எனக்கு நடந்திருக்கிறது. சுருள்பட்டை என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள்.