ரிட்ரெஞ்ச்மென்ட்: ஒருவரை நிறுத்தினாலும் ஆட்குறைப்புதான்

“கம்பெனியில் ஆட்குறைப்பு எதுவும் நடக்கவில்லை. என்னை மட்டும்தான் நிறுத்திவிட்டார்கள்.” வேலை போனவர் தொழிலாளர் துறையின் சமரச அலுவலருக்கு எழுதும் மனுவில் இப்படி ஒரு வரி இருந்தால், முதலில் அதை அடித்துவிட வேண்டும். தன்னைக் குறிவைத்துப் பழிவாங்கினார்கள் என்று காட்டத்தான் அவர் அப்படி எழுதுகிறார். ஆனால் ஆட்குறைப்புக்குச் சட்டம் வைத்திருக்கும் நோட்டீஸ், இழப்பீடு, சீனியாரிட்டி வரிசை எதுவும் எனக்குப் பொருந்தாது என்று அவரே எழுதிக் கொடுத்ததாக எதிர்த்தரப்பு அதைத் திருப்பிப் படிக்கும். சட்டத்தின் கண்ணில் ஒருவரை நிறுத்துவதும் ரிட்ரெஞ்ச்மென்ட். அதற்குத் தமிழில் வழங்கும் ‘ஆட்குறைப்பு’ என்ற சொல்லை நாம் கூட்டத்துக்கு மட்டுமே பழக்கிவிட்டோம்.

பிரெஞ்சில் வெட்டுதலைக் குறித்த சொல்லின் வழியே ஆங்கிலத்துக்கு வந்தது ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’. பதுங்கு குழியைக் குறிக்கும் ‘டிரெஞ்ச்’ இதன் உடன்பிறப்பு. கோட்டைக்குள் இரண்டாவது காப்பரணாக வெட்டும் அகழிக்கும் ஒரு காலத்தில் ரிட்ரெஞ்ச்மென்ட் என்றே பெயர். பிறகு செலவை வெட்டுவதற்கு அந்தச் சொல் வந்தது. 1922-23இல் இஞ்ச்கேப் பிரபு தலைமையில் பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த ரிட்ரெஞ்ச்மென்ட் கமிட்டி வேலையாட்களுக்காக அமைந்ததல்ல. அரசுச் செலவைக் குறைக்க அமைந்தது. செலவை வெட்டினால் ஆளும் வெட்டுப்படும் என்பதால் சொல் மெல்ல ஆள்மேல் வந்து உட்கார்ந்தது.

தமிழில் ஆள் + குறைப்பு = ஆட்குறைப்பு. நாள் + குறிப்பு ‘நாட்குறிப்பு’ ஆவதுபோல ளகரம் டகரமானது. இதில் ‘ஆள்’தான் இருக்கிறது, ‘ஆட்கள்’ இல்லை. ஓர் ஆள் குறைந்தாலும் குறைப்புதான். இலக்கணப்படி சொல்லில் குறை ஏதும் கிடையாது. “ஆயிரம் பேர் ஆட்குறைப்பு” என்றே தலைப்புப் படித்துப் படித்து அதற்கு ஒரு பன்மை வாசனை ஏறிவிட்டது. ஒற்றை ஆளுக்கு நாம் சொல்வதெல்லாம் வேறு: சீட்டைக் கிழித்துவிட்டார்கள், கல்தா கொடுத்துவிட்டார்கள், தூக்கிவிட்டார்கள். ஐடி கம்பெனி என்றால் ‘லே-ஆஃப்’. இந்தக் கடைசிச் சொல்தான் பெரிய குழப்பம். அமெரிக்க வழக்கில் அது வேலையை விட்டு அனுப்புவது. இந்தியத் தொழிற்சட்டத்தில் மூலப்பொருள் இல்லை, மின்சாரம் இல்லை, இயந்திரம் பழுது போன்ற காரணங்களால் ஆளை ரோலில், அதாவது பணியாளர் பதிவேட்டில், வைத்துக்கொண்டே வேலை கொடுக்க முடியாமல் இருப்பது. பெயர் ரோலில் இருக்கும். தகுதியுள்ளவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். வேலையே போன ஒருவர் மனுவில் “லே-ஆஃப் செய்தார்கள்” என்று எழுதினால் கேட்கும் நிவாரணமே தடம் மாறிவிடும்.

சட்டப் புத்தகத்துக்குள் இந்தச் சொல் பட்ட பாடு தனிக் கதை. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் இதற்கு வரையறை சேர்ந்தது 1953இல்: தண்டனையாக அல்லாமல், “எந்தக் காரணத்துக்காக இருந்தாலும்” முதலாளி தொழிலாளியின் வேலையை முடிவுக்குக் கொண்டுவருவது. படித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே உச்ச நீதிமன்றம், உபரி ஆளைக் குறைப்பது மட்டுமே இது என்று சுருக்கிப் பொருள் சொன்னது. 1976இல் ஸ்டேட் வங்கி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த வாசகத்தை மறுபடி கையில் எடுத்தார். அந்த ஊழியர் தொடர்ச்சியாக இல்லாமல் இடையிடையே வேலை பார்த்த தற்காலிகப் பணியாளர். நியமன ஆணையிலேயே வேலை முடியும் தேதி போட்டிருந்தது. தேதி தானாக வந்து வேலை முடிந்தாலும் முடிந்ததுதான், ‘எந்தக் காரணத்துக்காக இருந்தாலும்’ என்றால் எந்தக் காரணமும்தான் என்றது தீர்ப்பு. நிர்வாகங்களுக்கு இது கசந்தது. 1984இல் நாடாளுமன்றம் ஒரு விலக்கைச் செருகியது: ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவதும், ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனைப்படி முடிப்பதும் ரிட்ரெஞ்ச்மென்ட் ஆகாது. விலக்கு போக மீதி அப்படியே அகலமாக நின்றது; 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அகலமான பொருளையே உறுதி செய்தது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு நடப்புக்கு வந்திருக்கிறது. வரையறை ஏறக்குறைய அதே வாசகம்தான். தானே விருப்பத்துடன் ஓய்வு பெறுவது, வயது வந்து ஓய்வு பெறுவது, ஒப்பந்தக் காலம் முடிவது போன்றவை இதிலும் விலக்கு. அதனால்தான் இப்போது எங்கும் ‘குறித்த கால வேலை’ ஒப்பந்தங்கள் பெருகுகின்றன. கையெழுத்துப் போடும் முன் முடிவுத் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அக்கம்பக்கத்துச் சொற்களையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. டிஸ்மிஸ் என்பது ஒழுங்கீனத்துக்குத் தண்டனை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், உள்விசாரணை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு எல்லாம் முடிந்த பிறகே வர வேண்டும். அரசு அலுவலகத் தமிழில் இது பணியறவு. அரசுப் பணியில் பணிநீக்கம் என்பது வேறு. பணியறவு பெற்றவர் பொதுவாக மறுபடி அரசு வேலைக்கு வர முடியாது, பணிநீக்கம் பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. சஸ்பென்ஷன் என்பது பணியிடை நீக்கம். அந்தக் காலத்துக்குத் தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பிழைப்பூதியம் உண்டு: முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, 180 நாள் வரை முக்கால், அதற்குமேல் முழுச் சம்பளம். இலங்கைச் சட்டத் தமிழில் ‘முடிவுறுத்தல்’ என்பார்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அங்கே தண்டனையல்லாத முடிவுறுத்தலுக்குத் தொழிலாளியின் எழுத்து மூல ஒப்புதலையோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியையோ கேட்கிறது. ‘டெர்மினேஷன்’ என்ற பொதுச் சொல்லுக்கு எனக்கு ‘முடிவுறுத்தல்’ பிடித்திருக்கிறது. இங்கே வழக்கில் இல்லை என்பதுதான் சிக்கல்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். “தங்கள் சேவை இனி நிறுவனத்துக்குத் தேவைப்படவில்லை. இன்று மாலை முதல் விடுவிக்கப்படுகிறீர்கள்.” இரண்டு வரிதான். குற்றம் எதுவும் சொல்லவில்லை, ஆகவே தண்டனையல்ல. முடிவுத் தேதியுள்ள ஒப்பந்தம் இல்லை. அப்படியானால் இது ரிட்ரெஞ்ச்மென்ட். தகவல் சொல்லாமல் வரவில்லை என்று பெயரை ரோலிலிருந்து அடித்துவிடுவதும் அதே கணக்கில் வரும் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தொடர்ந்து ஓராண்டு வேலை பார்த்தவரை இப்படி நிறுத்த மூன்று நிபந்தனைகள்: காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அரசுக்குத் தகவல். இழப்பீட்டை வெளியே அனுப்பும்போதே கொடுத்தாக வேண்டும். “ஹெச்.ஆர். பிறகு செட்டில் பண்ணுவாங்க” என்று அனுப்பினால் நிறுத்தியதே செல்லாது என்பது 1960இலிருந்து உறுதியான சட்டம்.

மாதம் 18,000 ரூபாய்ச் சம்பளத்தில் 6 ஆண்டு 7 மாதம் வேலை பார்த்தவரை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேலான உதிரி மாதங்கள் முழு ஆண்டாகும், எனவே 7 ஆண்டு. 15 நாளுக்கு 9,000 என்றால் 63,000 ரூபாய். நோட்டீஸ் சம்பளம் 18,000. இரண்டும் சேர்ந்து 81,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) இதில் சேராது, அது தனி: அங்கே மாதத்தை 26 நாளாக வகுப்பதால் 72,692 ரூபாய் வரும். இந்த 26 நாள் கணக்கை ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கும் போட்டுக் கேட்பவர்கள் உண்டு, நீதிமன்றம் ஏற்பதில்லை. புதிய தொகுப்பில் இன்னொரு 15 நாள் சம்பளம், வேலை இழந்தவர் புதுத் திறன் கற்பதற்கான மறுதிறன் நிதியிலிருந்து, 45 நாளுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத்தொகுப்பு.

ஓராண்டு என்பது நிறுத்திய தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 240 நாள். ஞாயிறு போன்ற சம்பளத்துடன் கூடிய விடுமுறைகளும் இதில் சேரும். அதை எண்ணாமல் 210 நாள்தான் வருகிறது என்று பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் 240 நாளை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது. மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு முதலாளி கையில். உங்கள் கையில் என்ன இருக்கிறது? பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. பதிவு, வங்கி ஸ்டேட்மென்ட், ஷிப்ட் பட்டியலின் போட்டோ, வாட்ஸ்அப்பில் வந்த வேலை உத்தரவு. கம்பெனி மெயில் திறக்கும் வரைதான் உங்களுடையது. அன்று மாலையே பூட்டிவிடுவார்கள். சம்பளச் சீட்டுகளை முன்பே சொந்த மெயிலுக்கு எடுத்து வையுங்கள். கம்பெனியின் ரகசிய ஆவணங்களைத் தொடாதீர்கள், அதுவே டிஸ்மிஸுக்குக் காரணமாகிவிடும்.

பாகுபாடு இந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கிறது என்றால், வரிசையில். ஒரே வகை வேலையில் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும். அந்த வரிசையை மீறினால் முதலாளி காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்குப் பின்னால் சேர்ந்த மூன்று பேர் உள்ளே இருக்க நீங்கள் வெளியே என்றால், மனுவில் அவர்கள் சேர்ந்த தேதியோடு எழுதுங்கள். “சாதி பார்த்தார்கள்”, “சங்கத்தில் சேர்ந்ததால்” என்று மட்டும் எழுதினால் வாய்ச்சொல். தேதி வரிசை போட்டால் எதிர்த்தரப்பு பதில் சொல்லியாக வேண்டும். பழிவாங்கலுக்காக வேலையை விட்டு அனுப்புவது, அப்பட்டமான பொய்க் காரணம் சொல்லி அனுப்புவது இரண்டும் முறையற்ற தொழில் நடவடிக்கைகள் பட்டியலில் இருக்கின்றன. தனியார் துறை முழுவதற்கும் பொதுவான பாகுபாட்டுத் தடைச் சட்டம் இந்தியாவில் இல்லை. அதனால் கதவுகள் தனித்தனி. பேறுகால விடுப்பில் இருப்பவரை நிறுத்தக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காக நீக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர் என்பதற்காக நீக்குவதை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கின்றன. பாலியல் தொல்லைப் புகார் கொடுத்த பின் வேலை போனால் இரண்டு மனுக்களும் தனித்தனியே நடக்க வேண்டும். நிறுவனத்துக்குள் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்குப் புகார் கொடுக்க மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று.

எல்லா வழக்கையும் கெடுப்பது ஒரு காகிதம்: ராஜினாமா கடிதம். “எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கெட்டுவிடும், நீங்களே எழுதிக் கொடுங்கள்” என்று மூடிய அறையில் கேட்பார்கள். தானே விலகியது ரிட்ரெஞ்ச்மென்ட் ஆகாது; மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிப்பது பின்னர் உங்கள் தலையில். எழுதிக் கொடுத்துவிட்டால், அன்றே அல்லது மறுநாள் கம்பெனிக்கு மின்னஞ்சலும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள்: “இன்று பிற்பகல் என்னை வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவை மறுக்கிறேன், திரும்பப் பெறுகிறேன், வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்.” இரண்டு மாதம் கழித்து அனுப்பினால் யாரும் நம்ப மாட்டார்கள். செட்டில்மென்ட் தாளிலும் “ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்” என்று கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

மனு முதலில் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர். வக்கீல் அங்கே வர முடியாது. நீங்களோ சங்கத்துக்காரரோ பேசலாம். சமரசத்துக்கு 45 நாள். முறிந்தால் அறிக்கை கைக்கு வந்த 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய சட்டத்தில் மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றம் போகலாம். புதிய தொகுப்பில் இரண்டு ஆண்டு கடந்த தகராறைச் சமரச அலுவலர் கையில் எடுக்க மாட்டார். மூன்றாண்டுக் கணக்கை நம்பி இருக்க வேண்டாம்.

இதெல்லாம் ‘தொழிலாளி’க்கு. விசிட்டிங் கார்டில் ‘மேனேஜர்’ என்று இருப்பதால் மட்டும் ஒருவர் நிர்வாகி ஆகிவிடுவதில்லை. லீவு அனுமதிக்கும், ஆள் எடுக்கும் அதிகாரம் இருந்ததா என்பதுதான் கேள்வி. மேற்பார்வையாளருக்குச் சம்பள வரம்பு முன்பு 10,000, இப்போது 18,000 ரூபாய். அந்த வரம்பைத் தாண்டியவர்கள் மறந்துவிடும் வழி 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது. ஆனால் மேல்முறையீட்டுக்கு ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான்.

செலவுக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் சட்டப்படி தொழிலாளிக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். உதவி எண் 15100.

மனுவின் முதல் வரியை இப்படி மாற்றி எழுதுங்கள்: “இன்ன தேதியில் என்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் என் வேலையை முடிவுக்குக் கொண்டுவந்தது சட்டப்படி ஆட்குறைப்பாகும், அதற்குரிய நோட்டீஸோ இழப்பீடோ தரப்படவில்லை, எனக்குப் பின் சேர்ந்த கீழ்க்கண்டவர்கள் தொடர்ந்து வேலையில் உள்ளனர்.”