ஒற்றைக்கால் தாங்கிக்கு உங்கள் இரு கால்கள்

தைப்பூசத்தன்று மொரீஷியஸின் காத்ர் போர்னில், கோர் தே கார்த் மலையடிவாரத்து முருகன் கோயிலில் கேமரா முக்காலியை விரிக்க இடமிருக்காது. இருந்தாலும் விரிக்கக்கூடாது, வெறுங்காலோடு காவடி சுமந்து வருபவர்களின் வழி அது. அதனால்தான் அக்காள் மகளிடம், கேமராவைத் தாங்கும் ஒற்றைக் கம்பான ஒற்றைக்கால் தாங்கியை (மோனோபாட்) கொடுத்திருந்தேன். 200 மி.மீ. லென்ஸில் அவள் எடுத்த முதல் படத்தில் வேலின் முனை இரண்டாகத் தெரிந்தது.

"தாங்கி வைத்தும் ஏன் மாமா கலங்குகிறது?"

கம்பை இரு பாதங்களுக்கும் நடுவே செங்குத்தாக ஊன்றியிருந்தாள். அப்படி ஊன்றினால் கேமராவின் எடையைக் கம்பு சுமக்கும். ஆனால் அதன் தலை, உள்ளங்கையில் நிறுத்திய விளக்குமாறு போல எப்பக்கமும் சாயும். படத்தைப் பெரிதும் கெடுப்பது அந்தச் சாய்வும் திருப்பமும்தான். கேமரா 0.1 பாகை திரும்பினாலே, 200 மி.மீ. லென்ஸில் பிம்பம் 0.35 மி.மீ. நகர்ந்துவிடும். 36 மி.மீ. அகலத்தில் 6000 புள்ளிகள் கொண்ட உணரியில் (பிம்பம் விழும் சில்லு) அது 58 புள்ளிகள்! நம் கைகளோ நொடிக்கு 8 முதல் 12 முறை தாமாகவே நடுங்குபவை. அது நோயல்ல, உடலின் இயல்பு.

நிலையாக நிற்க மூன்று கால்கள் வேண்டும். இரண்டு நம்மிடமே இருக்கின்றன. கம்பின் அடியை ஒன்றரை அடி முன்னால் ஊன்றி, தலையை நம் பக்கம் சாய்த்து, கால்களை அகற்றி நின்று, உடல் எடையில் கொஞ்சத்தை அதன்மேல் இறக்க வேண்டும். சாய்ப்பதால் கம்பு சற்று நீளமாக இருக்கட்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க, இடக்கை லென்ஸின் மேலிருந்து அழுத்த, கேமரா நெற்றியில் படிய வேண்டும்.

கம்பை நீட்டும்போது தடித்த பகுதிகளை முதலில் இழுங்கள். சுவரின் தடிமன் மாறாமல் குழாயின் விட்டம் பாதியானால், விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஐந்து படங்களைத் தொடர்ச்சியாக எடுக்கச் சொன்னேன். பொத்தானை அழுத்தும் அதிர்ச்சி முதல் படத்தோடு போய்விடும். காவடியின் ஆட்டத்தைக் கம்பு நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம்தான் வழி. 1/500 நொடியில் எடுத்தாள். மூன்றாவது படத்தில் வேலுக்கு ஒரே முனை.

மாலையில் முழுநிலவு எழுந்தது. பத்து மடங்கு பைனாகுலர் நம் நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். அதையும் அதே கம்பில் பொருத்தி, அதேபோல் சாய்ந்து நின்றாள். நிலவின் டைக்கோ பள்ளத்திலிருந்து விரியும் வெண்கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.